கைடு வீட்டுக்குக் கைடு வேண்டாம்

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு எதிரே நின்று முப்பது வருடத்துக்கும் மேலாகப் பேசிப் பிழைத்தவன் நான். கழுத்தில் அரசாங்க அட்டை தொங்கும் கைடு. ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. பிரெஞ்சு, எதிராளி பொறுமைசாலியாக இருந்தால் வரும். ஜெர்மன், எதிராளி சிரிக்கும்வரை வரும். எங்கள் தொழிலுக்கு வேதவாக்கியம் ஒன்று உண்டு. வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு நகர்கிறவர்களின் முதுகைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டும்: கைடு இல்லாமல் பார்த்தால் வெறும் கல், கைடோடு பார்த்தால் கதை. பாதி முதுகுகள் அந்த இடத்திலேயே திரும்பிவிடும். முதுகைத் திருப்புவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று எங்கள் ஸ்டாண்டில் எனக்குப் பெயர்கூட உண்டு. அப்படிப்பட்டவனின் சொந்த மனைவி, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடல் தாண்டிப் போகிற பயணத்துக்குக் கைடே கூடாது என்று சொல்லிவிட்டாள்.

அவள் செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். வேலையில் இருந்த வருடமெல்லாம் காலையில் மாமல்லபுரத்தில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போவாள். சாயங்காலம் அதே வழியாகத் திரும்புவாள். எப்போதும் ஜன்னல் சீட்டுதான். அதே மலை, அதே ஏரி, அதே வயல். தினம் பார்த்ததையே பார்க்க அலுக்கவில்லையா என்று ஒருமுறை கேட்டேன். தினமும் ஒன்றாகவா இருக்கிறது என்று திருப்பிக் கேட்டாள். பேசியே சம்பாதிக்கிறவனுக்கு அடுத்தவர் சொல்வது காதில் தங்குவதில்லை. அதுவும் தங்கவில்லை.

ஓய்வு பெற்ற வாரம், படூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் எங்கள் மகள் வந்தாள். அம்மா எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று சொன்னாலும் டிக்கெட் தன் பொறுப்பு என்றாள். காசி, பத்ரிநாத் என்று வரும் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தபோது, என் மனைவி யோசிக்காமல் “ரோம்” என்றாள்.

பள்ளிக்கூட ஆபீசில் அவள் மேசைக்கு எதிரே ஒரு பழைய காலண்டர் மாட்டியிருந்ததாம். வருடம் முடிந்தும் யாரும் கழற்றவில்லை. அதில் உடைந்த தூண்களும் இரண்டு மூன்று மரங்களும் இருந்தன. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டேதான் இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு டிசி எழுதினேன் என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கதவைத் திறந்தால் கல், ஜன்னலைத் திறந்தால் கல், புருஷனும் கல்லைச் சொல்லிச் சோறு போடுகிறான்; இன்னொரு கல்லைப் பார்க்க யாராவது கண்டம் தாண்டுவார்களா என்று கேட்டேன். அம்மாவும் மகளும் சிரிக்கவில்லை. அவர்கள் இருவரும் சேர்ந்து சிரிக்காமல் இருந்தால் விஷயம் முடிவாகிவிட்டது என்று அர்த்தம்.

போவது முடிவான பிறகு, எப்படிப் போவது என்பதில்தான் தகராறு வந்தது.

செங்கல்பட்டில் ஒரு டிராவல்ஸ்காரரிடம் நான் போய் விசாரித்து, பளபளப்பான காகிதத்தில் அச்சடித்த பேக்கேஜ் திட்டம் ஒன்றை வாங்கி வந்தேன். ஒரு பஸ் நிறையத் தமிழ் ஆட்கள், கூடவே கைடு, கூடவே சமையல்காரர். எந்த நாட்டில் படுத்தாலும் ராத்திரி ரசம் சாதம் உத்தரவாதம். அந்தக் காகிதத்தின் சூதெல்லாம் தொழில்காரனான எனக்குத் தெரியாதா? ‘விசிட்’ என்று போட்டால் உள்ளே போவோம். ‘போட்டோ ஸ்டாப்’ என்றால் வெளியே நின்று பல்லைக் காட்டிவிட்டு ஏறிவிட வேண்டும். ‘பனோரமிக்’ என்று அழகாகப் போட்டிருந்தால் பஸ் நிற்கவே நிற்காது. சிற்பக் கடைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி ‘பாத்ரூம் பிரேக்’ என்று சொல்கிற வித்தையை நானே எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். எல்லாம் தெரிந்தும் நான் பேக்கேஜ் பக்கம்தான் நின்றேன். கைடு இல்லாமலும் ஊர் பார்க்கலாம் என்று என் வீட்டிலேயே நிரூபணமாகிவிட்டால் நாளைக்கு நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு முதுகுகளைத் திருப்புவது?

அவள் காகிதத்தைப் படித்து முடித்து மடித்து வைத்தாள்.

“ரசம் சாதம் துன்றதுக்கு நான் வூட்லயே இருந்துட்டுப் போறேன்.”

“ரசத்தை வுடு. கைடு இல்லாம அங்க போயி இன்னா தெரியும் உனக்கு?”

அப்போதுதான் அவள் ஒரு பழைய விஷயத்தை எடுத்தாள். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஒரு நாள் நான் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க என் மனைவி பாறைக்கு வந்தாள். நான் ஒரு பெரிய வெள்ளைக்காரக் கூட்டத்துக்கு, ஒற்றைக் காலில் தவம் செய்கிற பூனையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போனாள். சாயங்காலம், எல்லாரும் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றாள். என் தொழில் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான் என்று இத்தனை வருடமும் நெஞ்சில் வைத்துப் பூட்டியிருந்தேன்.

“அன்னிக்கே சொன்னேன்ல” என்றாள் இப்போது. “எல்லாரும் உங்க வாயவே பாத்துகினு நின்னாங்க. பின்னாடி அவ்ளோ பெரிய பாறை நிக்குது. ஒருத்தராவது அதைத் திரும்பிப் பாக்கல.”

மகள் அடுப்படிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். எனக்குக் கேட்டது.

பிறகு என் மனைவி குரலைத் தாழ்த்திச் சொன்னதுதான் இந்தப் பயணத்துக்கு ஆதாரம். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் சொன்னதைச் செய்தாயிற்று; வீட்டில் மாமியார் சொன்னதைச் செய்தாயிற்று; கோயிலுக்குப் போனால்கூட ஐயர் இதைப் பார், அதைக் கும்பிடு என்று கையைக் காட்டுகிறார். “ஒரு வாட்டியாவது யாரும் சொல்லாம நானே ஒண்ணைப் பாக்கணும். அது நல்லா இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி.” சரி என்றேன். கூட ஒரு சத்தியமும் செய்தேன்: ரோமில் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

விஷயம் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. மகள்தான் போட்டுக்கொடுத்திருப்பாள். மறுநாள் நான் போய் நின்றதும், என்னோடு சேர்ந்து தொழிலுக்கு வந்த சிநேகிதன் டீ கிளாசோடு ஆரம்பித்தான்.

“இன்னா மச்சான், கைடு வூட்டுக்கே கைடு வேணாமாமே? நாளைக்கு டாக்டர் வூட்ல டாக்டர் வேணாம்பாங்க. ஊரு இன்னாத்துக்கு ஆவும்?”

அன்றைக்கு நான் வேதவாக்கியத்தைச் சொன்ன முதுகுகள் ஒன்றுகூடத் திரும்பவில்லை. குரலில் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் படூருக்குப் போய், மகளின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து திட்டம் போட்டாள். எந்த ஓட்டல், அங்கிருந்து எந்த பஸ், எந்த நாளில் எது மூடியிருக்கும் என்று எல்லாம் அவளே பார்த்தாள். எனக்குக் கொடுத்த வேலை வாயைக் கட்டிப் பழகுவது மட்டும். அதற்கு முட்டுக்காட்டில் ஒரு வெள்ளோட்டம் வைத்தார்கள். படகுக் குழாமில் ஒரு படகில் ஏறி, சுற்றி முடிக்கும்வரை நான் யாருக்கும் எதையும் விளக்கக் கூடாது. படகு கரையை விட்டு நகர்ந்தது. தண்ணீரில் ஒரு கொக்கு நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெங்களூர்க் குடும்பம் அதைப் பார்த்து என்னவோ கேட்டுக்கொண்டது. அவ்வளவுதான். படகு திரும்பி வரும்போது அந்தக் குடும்பத்துக்குக் கொக்கில் ஆரம்பித்துச் சங்கு குளித்தல்வரை எல்லாம் தெரிந்திருந்தது. இறங்கும்போது அந்த அப்பா என் கையில் பணத்தைத் திணிக்கப் பார்த்தார். என் மனைவி கரையில் ஏறி நின்று, “நல்லா கட்டினீங்க வாயை” என்று மட்டும் சொன்னாள்.

பயணம் வந்தது. அரபு நாட்டில் ஒரு விமானம் மாறினோம். இறங்கி ஏறுகிற வழியெல்லாம் அவள் பலகையைப் பார்த்துப் பார்த்துப் போனாள். நான் அவள் ஜடையைப் பார்த்துப் பார்த்துப் போனேன். வெளிநாட்டுக்காரர்களோடேயே வாழ்ந்தவன் என்று ஊரில் எனக்கு மரியாதை. வெளிநாடு வந்ததும் சூட்கேசை எந்தக் கையில் பிடிப்பது என்பதுகூட மறந்துபோயிற்று.

ரோமில் முதல் நாளே நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தோம். தெருவோரத்தில் இடுப்புயர இரும்புக் குழாய் ஒன்றில் தண்ணீர் தானாகக் கொட்டிக்கொண்டிருந்தது. குடிக்கிற தண்ணீர். யாரும் பிடிக்கவில்லை, வீணாகப் போகிறது. கோடை வந்தால் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு ஓடுகிற ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டு சும்மா போவோமா? அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் குனிந்து திருகைத் தேடினோம். நான் முட்டி போட்டுக் கீழேகூடத் தடவிப் பார்த்தேன். ஒரு கிழவர் நாயோடு நின்று எங்களை வேடிக்கை பார்த்தார். திருகே கிடையாது, அது அப்படித்தான் எப்போதும் கொட்டும் என்று புரிந்தபோது என் சட்டை நனைந்துவிட்டது. உடனே எனக்குள் இருந்த கைடு எழுந்து, அந்தக் காலத்து ராஜாக்கள் மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த கதையை ஆரம்பித்தான். அவள் விரலை உதட்டில் வைத்தாள். நிறுத்தினேன்.

இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பெரிய கஷ்டம் என்னவென்றால், அந்த ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் கைடுகள். மடக்கிய குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர், குச்சியில் ரிப்பன் கட்டிக்கொண்டு ஒருவர். பின்னாலேயே கூட்டம், ஆளுக்கு ஒரு காதில் கருவி. கைடு மெல்லப் பேசினாலும் கூட்டத்துக்குக் கேட்கும், பக்கத்தில் நிற்கிற எனக்குக் கேட்காது. எங்கள் ஊரில் காசு கொடுக்காமல் மூன்றடி தள்ளி நின்று, வேறெதையோ பார்க்கிற பாவனையில் கதை கேட்கிற ஆசாமிகளுக்கு நாங்கள் ஓசிக் காது என்று பெயர் வைத்திருக்கிறோம். ரோமில் நான் ஓசிக் காதாக ஆகப் பார்த்து, அதற்கும் வழியில்லாமல் நின்றேன். என் மனைவியோ ஒரு தூணை எடுத்துக்கொண்டால் அந்தத் தூணோடு அரை மணி நேரம் நிற்கிறாள். யார் கட்டியது, எப்போது கட்டியது, ஒன்றும் கேட்பதில்லை.

தாங்கவில்லை. ஓட்டல் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, போனில் ஒரு உள்ளூர் கைடை மறுநாள் காலைக்கு அமர்த்திவிட்டேன். அவளுக்கு இன்ப அதிர்ச்சி என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை, ரோம் என்றாலே படத்தில் போடுகிற அந்தப் பெரிய வட்ட அரங்கத்துக்கு எதிரே பஸ்ஸை விட்டு இறங்கினோம். தொப்பியும் குடையுமாக ஒரு நடுத்தர வயதுப் பெண், என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொழிலில் இத்தனை வருடம் இருந்தும் அந்த அட்டை என் ஞாபகத்துக்கு வரவில்லை பாருங்கள். நானே அதுபோல எத்தனை அட்டைகளைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

என் மனைவி அட்டையைப் படித்தாள். என்னைப் பார்த்தாள். நான் அரங்கத்தைப் பார்த்தேன்.

“யாரு இது?”

“இந்த ஊரு கைடு. சும்மா… மதியம் வரைக்கும்தான்.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். அந்தப் பெண்ணைப் பார்த்துக் கை குவித்து வணக்கம் சொன்னாள். பிறகு என்னிடம் சொன்னாள்: “பாவம், அந்தம்மா வெயில்ல வந்து நிக்குது. தொழில் பண்றவங்களத் திருப்பி அனுப்பக் கூடாது. நீங்க போயி கேட்டுட்டு வாங்க. நான் பாத்துட்டு வரேன்.”

“தனியாவா? எங்க போவ?”

“தெரிஞ்சிருந்தா இன்னாத்துக்குப் போறேன்?”

“தொலைஞ்சிட்டா இன்னா பண்றது? நெட்டுகூட என் போன்லதான் கீது.”

“போன பஸ்லயே திரும்பி வரவ எங்கங்க தொலையப் போறா? மதியம் இதே எடத்துல நில்லுங்க.”

தண்ணீர் பாட்டிலையும் பஸ் பாஸையும் ஓட்டல் அட்டையையும் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு, வந்து நின்ற ஒரு பஸ்ஸில் ஏறினாள். எந்த பஸ் என்றுகூட நான் பார்க்கவில்லை. ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தது மட்டும் தெரிந்தது. எனக்குக் கையாட்டவில்லை. அதற்குள் மறுபக்கம் எதையோ பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

இப்படியாக, கைடு வேண்டுமா வேண்டாமா என்ற எங்கள் வீட்டுத் தகராறு அன்று காலை இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு திசையில் போயிற்று.

அந்தக் கைடு நல்ல தொழில்காரி. அதை ஒத்துக்கொள்ள வேண்டும். எந்த நேரத்துக்கு எந்தச் சுவரடியில் நிழல் விழும் என்று தெரிந்து, கதையின் நீளமான பகுதியை அங்கே கொண்டுபோய் வைத்தாள். சின்னக் கதையை வெயிலில் வைத்தாள். கூட்டம் நெருக்குகிற இடத்தில் ஒரு ஜோக். நானும் அப்படித்தான் செய்வேன். கொஞ்ச தூரம் போனதும் நின்று, நீங்களும் கைடா என்று கேட்டாள். எப்படித் தெரிந்தது என்றேன். எல்லாரும் கல்லைப் பார்ப்பார்கள், நீங்கள் நான் எங்கே நிற்கிறேன் என்று பார்க்கிறீர்கள் என்றாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. எந்த ஊரில் தொழில் என்று கேட்டாள். சொன்னேன். உங்கள் மனைவியைக் கூட்டிப் போய்க் காட்டியிருப்பீர்கள் அல்லவா என்றாள். அவள் ஒரு தடவை டப்பா கொடுக்க வந்தாள் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. நல்லதாகப் போயிற்று.

அதற்குப் பிறகு அவள் சொன்ன ஒரு வார்த்தைகூட என் தலைக்குள் ஏறவில்லை. ஒரு சக்கரவர்த்தியைக் கொன்றார்கள் என்பது மட்டும் தெரியும். யாரை, எதற்கு என்று கேட்காதீர்கள். என் மனைவியைப் போலச் சுடிதார் போட்ட உருவம் எங்கே நகர்ந்தாலும் என் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியது. அவளுக்கு இங்கிலீஷ் எழுதத்தான் வரும், பேசக் கூச்சப்படுவாள். இத்தாலியன் ஒரு சொல் தெரியாது. சர்க்கரை கொஞ்சம் உண்டு. காலையில் ஒரு ரொட்டியைக் கடித்துவிட்டு வந்தவள். மகள் போன் செய்தால் என்ன சொல்வேன்? கைடு வைத்தேன், அம்மாவைத் தொலைத்தேன் என்றா? ஸ்டாண்டில் என் சிநேகிதன் டீ கிளாசோடு நிற்பதுகூடத் தெரிந்தது.

மதியத்துக்கு முன்பே இறங்கிய இடத்துக்கு வந்துவிட்டேன். அந்தக் கைடும் கூட வந்து நின்றாள். போகச் சொன்னேன், போகவில்லை. ஒரு ஆளைக் கண்ணில் காணாமல் கூட்டத்தை முடிக்கிற கைடு எந்த ஊரிலும் கிடையாது. பஸ்கள் வந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள், கன்னியாஸ்திரிகள், சாமான் கூடையோடு ஒரு அம்மாள், எல்லாரும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை. அடுத்த பஸ்ஸிலும் இல்லை. அந்த நேரத்தில் எந்த முருகனுக்கு என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை வெளியில் சொல்ல மாட்டேன். மொட்டை போடுகிற அளவுக்கு என் தலையில் முடி இல்லை என்பது முருகனுக்கும் தெரியும்.

அவள் பஸ்ஸில் வரவே இல்லை. எதிர்ச்சாரியில் நடந்து வந்தாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம். சாலையைக் கடக்க நின்றவள், வருகிற காரைப் பார்த்துக் கையைக் காட்டினாள். எங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எப்படிக் காட்டுவோமோ அப்படியே. கார் நின்றது. ரோம் நகரமே அவளுக்காக ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது எனக்கு. பக்கத்தில் நின்ற கைடிடம், அதோ என் மனைவி என்றேன். என் குரலை நானே கேட்டேன். எந்தக் கோபுரத்தையும் நான் அந்தக் குரலில் காட்டியதில்லை.

வந்ததும், “சாப்ட்டீங்களா?” என்றாள். பொட்டலத்தில் பீட்சாத் துண்டு இருந்தது. கடைக்காரரிடம் விரலால் அளவு காட்டி வாங்கினாளாம்.

“பஸ்லயே திரும்பி வரேன்னு சொன்ன?”

“பாதியில எறங்கிட்டேன். எறங்கினவளுக்கு நடக்கத் தெரியாதா?”

பிறகு சாவகாசமாக, அந்தம்மா என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். நிறையச் சொன்னார்கள் என்றேன். ஒன்றாவது சொல்லுங்கள் என்றாள். வாயைத் திறந்தேன். பழக்க தோஷம், பல்லவ ராஜாக்கள் வந்தார்கள். பக்கத்தில் நின்ற கைடுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் சங்கதி தெரிந்துவிட்டது. குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

அன்று சாயங்காலம் என் மனைவி பஸ் கதையைச் சொன்னாள். ஒரு மேட்டுக்குக் கீழே பஸ் நின்றபோது, நாலைந்து பேர் மேலே ஏறிப் போவதைப் பார்த்து இறங்கிவிட்டாளாம். மேலே ஒரு தோட்டம், ஆரஞ்சு மரங்கள், கீழே பழம் விழுந்து கிடந்ததாம், நாரத்தங்காய் வாசனை அடித்ததாம். அதையும் தாண்டிப் போனால் மூடிக் கிடக்கிற ஒரு பெரிய கதவு. கதவுக்கு முன்னால் வரிசை.

“வரிசை நிக்குதுன்னா ஏதோ குடுக்கறாங்கன்னுதான அர்த்தம். நானும் போயி நின்னுட்டேன்.”

“இன்னான்னு கேக்காமயா?”

“யார்ட்ட இன்னா பாஷைல கேக்கறது?”

“அப்புறம் இன்னா குடுத்தாங்க?”

அவள் சிரித்தாள். சொல்ல மாட்டேன் என்றாள். நான் கெஞ்சினேன். பெரியதா சின்னதா என்று கேட்டேன். சாமியா, சிலையா, சாப்பிடுகிற பொருளா என்று கேட்டேன். காலமெல்லாம் நான்தான் ஜனங்களை இப்படித் தவிக்கவிட்டு, அடுத்த சிற்பத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். ஒன்றும் பெயரவில்லை. நாளைக்கு வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள்.

மறுநாள் அவள் முன்னே, நான் பின்னே. பஸ்ஸில் ஜன்னல் சீட்டு அவளுக்கு. மேட்டில் எனக்கு மூச்சு வாங்கியது; அவள் திரும்பிப் பார்த்து நின்று நின்று போனாள். கையில் குடை இல்லை, ரிப்பன் இல்லை. வழியில் ஒன்றையும் காட்டவில்லை, ஒன்றுக்கும் பெயர் சொல்லவில்லை. தோட்டத்தில் ஆரஞ்சு விழுந்து கிடந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாக நடந்தாள். நானும் மெதுவாக நடந்தேன். நாரத்தங்காய் வாசனை அடித்தது.

பச்சை நிறக் கதவு. பூட்டியிருந்தது. வரிசை இருந்தது. நின்றோம். முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து, கதவின் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். யாரும் ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. இதற்கா வரிசை என்று அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

என் முறை வந்தது. குனிந்தேன். முதலில் இருட்டு, என் இமைதான் இடித்தது. பிறகு கண் பழகிற்று. உள்ளே ஒரு தோட்டத்து வழி, இரண்டு பக்கமும் செடிகளை வளைத்து, நீளமாக ஒரு பச்சைக் குகை மாதிரி போகிறது. அதன் அந்தக் கோடியில், சரியாக நடுவில், எத்தனையோ தூரத்தில் இருக்கிற, போப்பாண்டவரின் அந்தப் பெரிய தேவாலயத்தின் குவிமாடம், காலை வெயிலில், ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு நிற்கிறது. இரண்டு நாள் முன்னால்தான் அதற்கு நேர் எதிரே நின்று பார்த்திருந்தேன். அப்போது அது வெறும் பெரிய கட்டடம். இப்போது யாரோ எனக்காக எடுத்து வைத்த மாதிரி இருந்தது.

பின்னால் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். நிமிர்ந்தேன்.

அவள் கதவைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பாறைக்கு முன்னால் ஆட்களை நிறுத்தி, அவர்கள் கண் விரிகிற நேரத்துக்காகக் காத்திருந்து, அது விரிந்ததும் எனக்குள் ஒரு திமிர் ஏறும் பாருங்கள், அதே திமிர். நான் ஆயிரம் வார்த்தை பேசிச் சம்பாதித்ததை, அவள் ஒரு வார்த்தை செலவு செய்யாமல் சம்பாதித்து நின்றாள். என் பொண்டாட்டி கண்டுபிடித்தது என்று அந்த வரிசையில் நின்ற அத்தனை தேசத்துக்காரர்களுக்கும் அவரவர் பாஷையில் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஜெர்மன்காரர்கள் சிரித்தாலும் சிரித்துவிட்டுப் போகட்டும்.

“எப்பிடி?” என்றாள்.

வாயைத் திறந்தேன். பல்லவர்கள்கூட வரவில்லை.

“இன்னொரு வாட்டி பாத்துக்கறேனே” என்றேன்.

“பின்னாடி போயி வரிசைல நில்லுங்க.”

போய் நின்றேன்.